மறு: ஆயில் கூலர் – ‘எண்ணெய் ஆற்றி’ சரிதான், உள்ளே நடக்கும் கசிவுக்கும் ஒரு சொல் வேண்டும்

குழுவிலுள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எஞ்சின் எண்ணெயின் சூட்டைத் தணிக்கும் ‘ஆயில் கூலர்’ என்ற உறுப்புக்குத் தமிழில் ‘எண்ணெய் ஆற்றி’ என்று பெயர் வைக்கலாமா என்ற இந்த இழை நீண்டுவிட்டதால், குழுவில் வந்த கேள்விகளை மேலே வைத்து, பதிலை அதனதன் கீழேயே எழுதுகிறேன்.

> ‘எண்ணெய் குளிர்விப்பான்’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே, அதை ஏன் விட வேண்டும்?

எழுதுகிறார்கள், புரியவும் செய்கிறது. ஆனால் அந்த உறுப்பு எண்ணெயைக் குளிர வைப்பதே கிடையாது. ஓடுகிற எஞ்சினில் எண்ணெய் ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரி செல்சியஸில் இருப்பதுதான் நல்லது. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை மலைக்குப் பாரத்தோடு சின்ன கியரில் ஏறும்போது காற்றோட்டம் குறைவு, எஞ்சினுக்கு உழைப்பு அதிகம், எண்ணெய்ச் சூடு 120ஐத் தாண்டப் பார்க்கும். தாண்டினால் எண்ணெய் நீர்த்து, பேரிங்குக்கும் அதில் சுழலும் கிராங்குத் தண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டிய படலம் மெலிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த உறுப்பு இருக்கிறது. டீயை ஆற்றிக் கொடுத்தாலும் அது சூடாகத்தானே இருக்கிறது, பதத்துக்கு வந்திருக்கிறது அவ்வளவுதான். தமிழில் அந்த வேலைக்கு ‘ஆற்று’ என்ற வினை நம் வாயிலேயே இருக்கும்போது ‘குளிர்’ எதற்கு?

‘வெப்பப் பரிமாற்றி’ என்றே விடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இயற்பியல்படி அவர் சொல்வது மிகச் சரி. காலையில் வண்டியை எடுத்ததும் எண்ணெயைவிடக் கூலண்ட்தான் (எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கும் திரவம்) முதலில் சூடேறும், அந்தக் கொஞ்ச நேரம் இதே உறுப்பு கூலண்டின் சூட்டை எண்ணெய்க்குக் கொடுக்கிறது. ஆனால் ரேடியேட்டரும் வெப்பப் பரிமாற்றி, ஏசி கண்டென்சரும் வெப்பப் பரிமாற்றி. அது இனத்துக்குப் பெயர், இந்த உறுப்புக்குத் தனியாக ஒன்று வேண்டும். ஆகவே எண்ணெய் ஆற்றி.

> கசிவுக்குக் ‘கசிவு’ போதாதா? எதற்கு இன்னொரு சொல்?

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான், நான் இதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆற்றியில் இரண்டு விதமாகக் கெடுதி வரும். ஒன்று வெளியே. பாக்கிங் அல்லது ஓரிங் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) சூட்டில் வெந்து கெட்டியாகி, எஞ்சின் பிளாக்கோடு சேரும் இடத்தில் முதலில் ஈரமாகும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் படியும், அப்புறம் சொட்டும், கவனிக்காமல் விட்டால் ஒழுகும். இந்தப் படிகளுக்குத் தமிழில் கசிதல், சொட்டுதல், ஒழுகுதல் என்று வரிசையாகச் சொல் இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இது கண்ணுக்குத் தெரிகிற பழுது.

இன்னொன்று உள்ளேயே நடப்பது. ஆற்றியின் தகடுகளில் ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் கூலண்ட். தகட்டில் ஊசித்துளை விழுந்தால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இருக்காது. எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் சாதாரணமாக 3 முதல் 5 பார் (‘பார்’ என்பது அழுத்தத்தின் அலகு), கூலண்டின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்தான். அதனால் எண்ணெய் கூலண்டுக்குள் போகும். வண்டியை நிறுத்தியதும் எண்ணெய் அழுத்தம் பூஜ்யமாகிவிடும், ஆனால் கூலண்ட் சூடு ஆறும்வரை அழுத்தத்தோடு நிற்கும், அந்த நேரத்தில் கூலண்ட் எண்ணெய்க்குள் வரும். எண்ணெயோடு தண்ணீரும், கூலண்டில் இருக்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் சேர்ந்தால் பேரிங் பிழைக்காது.

இதை நாம் ‘கசிவு’ என்று எழுதினால் படிக்கிறவர் என்ன செய்வார்? குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார், தரை காய்ந்திருக்கும், ‘கசிவு இல்லை’ என்று எண்ணெயை மட்டும் ஊற்றி நிரப்பிக்கொண்டே ஓட்டுவார். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் பழுதைத் தேடும் இடமே மாறிப்போகிறது. அதனால் உள்ளே நடப்பதற்கு ‘ஊடுகசிவு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஊடுபயிர், ஊடுகதிர் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ‘ஊடு’ யாருக்கும் புதிதாக இருக்காது. வெளியே வருவதற்குக் ‘கசிவு’ அப்படியே இருக்கட்டும், தேவைப்பட்ட இடத்தில் ‘புறக்கசிவு’ எனலாம். ‘உட்கசிவு’ என்று ஒருவர் சொன்னார். வால்வு சீல் வழியாக எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்குவதையும் அப்படிச் சொல்ல இடமிருக்கிறது, ஆகையால் எனக்கு ஒப்பவில்லை. இரண்டு திரவங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதை ‘ஊடு’ சரியாகப் பிடிக்கிறது.

> ஹெட் கேஸ்கட் போனாலும் இதே அறிகுறிதானே வரும்?

ஹெட் கேஸ்கட் என்பது சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் தகடு. அது போனால் வரும் அறிகுறி பாதி ஒத்துப்போகும், பாதி போகாது. சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெறும் சொல்பட்டியலாகப் போட்டால் யாருக்கும் பயனில்லை.

ஊடுகசிவில் கூலண்ட் தொட்டியின் மூடியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் தயிர்போலக் கெட்டியாக மிதக்கும். எண்ணெய் அளவு பார்க்கும் ஆயில் கம்பியை உருவினால் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கலாம். ரேடியேட்டரில் குமிழி வராது, புகைக்குழாயில் வெள்ளைப்புகை இருக்காது. ஹெட் கேஸ்கட் போனால் பெரும்பாலும் எரிந்த வாயு கூலண்டில் குமிழியாக வரும், எஞ்சின் சூடேறும் முன்பே ஹோஸ் கல்லுமாதிரி இறுகும், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) குறையும். எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, சூடான இரும்புத்தகட்டில் ஒரு சொட்டு விடுவது பழைய வழி; சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஐயம் மிச்சமிருந்தால் ஆற்றியைக் கழற்றி, எண்ணெய் வழியின் ஒரு வாயை அடைத்து மறுவாயில் காற்றழுத்தம் கொடுத்து வெந்நீரில் முக்கிப் பார்க்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பது அந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. எஞ்சினை இறக்கி ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் எவ்வளவோ பணம் மிச்சம்.

> நம்ம பக்கம் இது அதிகமாக வருவதற்குக் காரணம் உண்டா?

வேறு ஊரோடு ஒப்பிட்டு என்னிடம் கணக்கு இல்லை, காரணத்தை மட்டும் சொல்கிறேன். கூலண்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதுதான் முதல் காரணம். நம் திருநெல்வேலி மாவட்டத்தில் ராதாபுரம், திசையன்விளை பக்கத்து உவர்த்தண்ணீர் அலுமினியத்தையும் இரும்பையும் அரித்துத் தகட்டில் உப்பாகப் படியும். தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், குடிக்க நல்லது என்பதால் எஞ்சினுக்குப் போதும் என்று ஆகாது, அதில் அரிப்பைத் தடுக்கும் மருந்து இல்லை. அப்புறம் பிசான நெல் அறுவடை நேரத்தில், மாசி பங்குனி வெயிலில், அறுவடை இயந்திரத்தின் ரேடியேட்டரை வைக்கோல் தூசி அடைத்துவிடும். கூலண்டுச் சூடு ஏற ஏற எண்ணெய்ச் சூடும் ஏறும், ஓரிங் சீக்கிரம் வெந்துபோகும். மாலையில் ரேடியேட்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தாலே இதைப் பெரிய அளவுக்குத் தவிர்க்கலாம்.

> சரி செய்வதைப் பற்றியும் சொல் விளக்கப் பதிவில் இருக்க வேண்டுமா?

கட்டாயம். புறக்கசிவு என்றால் பாக்கிங்கும் ஓரிங்கும் புதிதாகப் போட்டு, சேரும் பரப்பைச் சுரண்டி மேடுபள்ளம் செய்யாமல் துடைத்து, போல்ட்டுகளைச் சொன்ன முறுக்கில் சரிசமமாக இறுக்கினால் முடிந்தது. ஊடுகசிவு என்றால் ஆற்றியின் ‘கோர்’ எனப்படும் உள் தகட்டுத் தொகுதியையே மாற்ற வேண்டும், பற்றவைத்து ஒப்பேற்றினால் மறுபடி வரும். அதை மாற்றியதோடு விட்டுவிடக் கூடாது. கூலண்ட் வழியை எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும் சூடு வரும்வரை ஓடவிட்டுக் கழுவினால்தான் ரேடியேட்டர்வரை போகும். எண்ணெயில் ஊறி உப்பிய ஹோஸ்களை மாற்ற வேண்டும். எண்ணெயும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு, கொஞ்சம் ஓடியதும் இன்னொரு முறையும் மாற்றிவிடுவது நல்லது. முன்பு பேரிங் உருகிய எஞ்சின் என்றால் உலோகத்தூள் ஆற்றிக்குள் போய்ச் சிக்கியிருக்கும், கழுவினாலும் முழுக்க வராது, புது பேரிங்கையும் அது தின்றுவிடும். எஞ்சின் வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பழைய ஆற்றியையே மாட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

> பட்டறையில் யாரும் ‘ஊடுகசிவு’ என்று சொல்லப்போவதில்லை.

வேண்டாமே. ‘ஆயில் தண்ணியில கலந்துருச்சு’ என்று அவர்கள் சொல்வது தெளிவாகத்தான் இருக்கிறது. பேட்டை ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) போன்ற இடங்களில் டீசல் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளின் குறிப்பேட்டிலும், டிராக்டர் வாங்கும் விவசாயிக்குக் கொடுக்கிற தமிழ்க் கையேட்டிலும், வண்டியின் பழுதுப் பதிவிலும்தான் இந்தச் சொல்லுக்கு வேலை. அங்கே ‘கசிவு சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினால் எதைச் சரிசெய்தார்கள் என்று அடுத்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று பாக்கி. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் பலவற்றில் கியர்ப்பெட்டி எண்ணெயை ஆற்றும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும், அதில் ஊடுகசிவு வந்தால் தொட்டியில் மிதப்பது பழுப்பாக இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைக் ‘கியரெண்ணெய் ஆற்றி’ என்று பிரித்து எழுதலாமா? காற்றால் மட்டும் ஆற்றும் வகைக்கு ஊடுகசிவு என்பதே பொருந்தாது, கல் பட்டுத் துளை விழுந்தால் வெளியேதான் ஒழுகும், அதற்கும் தனிப்பெயர் வேண்டும். இரண்டுக்கும் உங்கள் முன்மொழிவுகளை இந்த இழையிலேயே எழுதுங்கள்.