புதுப்பிப்பு: கேம்பர் கூரையை டிரில்லால் ஏற்றியாயிற்று

தோள்வலியால் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் மடக்குக் கேம்பரின் (தங்கும் வண்டியின்) கூரையைக் கையால் சுழற்றி ஏற்ற முடியவில்லை, பேட்டரி டிரில் உதவுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. பலித்தது பட்டர்வொர்த் அண்ணன் சொன்ன வழி: கைப்பிடியைக் கழற்றிவிட்டு வின்ச்சின் (கேபிளைச் சுற்றிக் கூரையை ஏற்றும் கருவியின்) தண்டில் 19 மில்லிமீட்டர் சாக்கெட், 18 வோல்ட் டிரில், குறைந்த வேக கியர். ஞாயிறன்று பினாங்கின் தெலுக் பஹாங்கில் ஏற்றிப் பார்த்தேன். கூரை முனகாமல் எழுந்தது. கடைசி நான்கு விரற்கடையை மட்டும் கையால் சுற்றினேன். டிரில்லுக்கு நிற்கத் தெரியாது, கேபிள் அறுந்துவிடலாம்.

எதிர்பாராதது இறக்கும்போதுதான்: வின்ச்சின் பிரேக் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது. இனி இறக்குவது கையால்தான். தட்டித் தட்டிச் சுழற்றும் இம்பாக்ட் டிரைவரைப் பரிந்துரைத்தவர் மன்னிக்கவும், பழைய வின்ச்சுக்கு அந்தத் தட்டல் வேண்டாம். டிரில்லுக்குப் பக்கவாட்டுக் கைப்பிடி கட்டாயம். அதில்லாமல் முதல்முறை என் மணிக்கட்டு பிசகிக்கொண்டது.