தேக்கு பெஞ்சில் வார்னிஷ் உரிகிறது, என்ன செய்யலாம்?

கொல்லைப்புறம்:
சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன் பக்கம் எங்கள் தரைவீட்டில், முருங்கை மரத்தடியில் ஒரு தேக்கு பெஞ்ச் கிடக்கிறது. வயது ஆறு இருக்கும். மாமியார் சாயங்காலம் உட்கார்ந்து கீரை ஆய்வது அதில்தான். போன தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்களிடம் சொல்லி இதற்கும் பளபளவென்று வார்னிஷ் அடித்தேன், கூடுதலாக 180 வெள்ளி கொடுத்து. எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை. கொப்புளம் கொப்புளமாக எழும்பி அப்பளம் மாதிரி உரிகிறது, உரிந்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள், திருகாணியைச் சுற்றிக் கறுப்பு வளையம். திரும்ப வார்னிஷ் அடிக்கலாமா, டீக் ஆயில் பூசலாமா? பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் "சும்மா விட்டுவிடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தச்சன்மகன்:
பெரியவர் சொல்வது பாதி சரி. வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு தோல் மாதிரி உட்காருகிறது. நம்மூர் வெயிலில் அந்தத் தோல் விறைத்துப் போய் எங்கேயாவது மயிரிழை அளவு வெடிக்கும், மழைத் தண்ணீர் அதற்குள் புகுந்துவிட்டால் வெளியே வர வழியில்லை, உள்ளேயே வெந்து பூஞ்சை பிடித்துக் கொப்புளமாக எழும்பும். இன்னொரு கோட் அடித்தால் அதே கதைதான். மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120 நம்பர், இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் மெஷினைத் தயவுசெய்து கொண்டு வராதீர்கள், இழைகளுக்கு நடுவே இருக்கும் மென்மையான பாகத்தை அரித்து வரிவரியாக ஆக்கிவிடும்.

கறுப்பு வளையம் பூஞ்சை இல்லை. வாழைப்பூ நறுக்கினால் இரும்பு அரிவாள்மனை கறுக்குமே, அதேதான்: மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறை. ஆக்ஸாலிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்துத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு நன்றாகக் கழுவினால் போகும். விஷம் அது, கையுறை வேண்டும். குளோரோக்ஸ் மாதிரி பிளீச் போட்டுக் கழுவிய இடத்தில் அலசாமல் இதை ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். திருகாணியைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றாவிட்டால் வளையம் திரும்ப வரும்.

இதெல்லாம் மேல்பூச்சு விஷயம். முதலில் பெஞ்சைக் கவிழ்த்துக் காலைப் பாருங்கள். புல்லில்தானே நிற்கிறது?

செங்கல்பிரியர்:
எங்கள் வீட்டு கேட் செங்கல். சுவரில் வைக்கும் செங்கல் இல்லை ஐயா, மலேசியக் காட்டு மரம், பெயர் அப்படி. இருபது வருடமாக ஒரு சொட்டு எண்ணெய் பார்த்ததில்லை, சாம்பல் நிறமாகி அப்படியே நிற்கிறது. வெயில் பட்டு மேல்தோல் வெளுப்பதை மரம் கெட்டுப் போனதாக நினைத்துக்கொண்டு ஏன்தான் எல்லோரும் இப்படி டப்பா டப்பாவாக வாங்கி ஊற்றுகிறார்களோ! தேக்கும் வைரம் பாய்ந்த பாகமாக இருந்தால் பூச்சே வேண்டாம். வெளிர் மஞ்சளாக இருக்கும் வெளிறுப் பாகத்தைக் கலந்து செய்திருந்தால்தான் கவலை, அது சீக்கிரம் உளுத்துவிடும்.

மாடிச்செடி:
சாம்பல் நிறம் எல்லோருக்கும் பிடிக்காது அண்ணா. ஆனால் டீக் ஆயில் விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை. அது தேக்கிலிருந்து பிழிந்தது இல்லை, பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் கொட்டை எண்ணெயோ, அதோடு தின்னர். ஆளிவிதை எண்ணெய் என்றால் நம் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. நிழலில் இருந்த என் நாற்காலி மூன்றே மாதத்தில் கரி பூசியதுபோல் ஆனது. இப்போது நிறமி கலந்த, பூஞ்சைத் தடுப்பு சேர்த்த வெளிப்புற ஸ்டெயின்தான், அதாவது மரத்துக்குள் ஊறும் சாயப்பூச்சுதான், பூசுகிறேன். அந்த நிறமிதான் வெயிலைத் தடுக்கும், நிறமில்லாத பூச்சில் அவ்வளவு பலன் இல்லை. தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன், முத்து முத்தாக நின்றால் இன்னும் தாங்கும், உறிஞ்சினால் அடுத்த கோட். பிப்ரவரியில் பூசுங்கள், மழை குறைவு. நவம்பர், டிசம்பரில் கையே வைக்காதீர்கள்.

கொல்லைப்புறம்:
கவிழ்த்துப் பார்த்தேன். பின்கால் ஒன்றில் திருப்புளி அரை விரல் உள்ளே போகிறது, ரொட்டி மாதிரி. கறையானா?

தச்சன்மகன்:
மண் குழாய் மாதிரிக் கோடு ஏறியிருந்தால் கறையான், உடனே பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் வெறும் உளுப்பு. காலின் வெட்டுமுகம் உறிஞ்சுகுழல் கட்டு மாதிரி, நின்ற இடத்திலிருந்தே தண்ணீரை இழுக்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உளுக்கவைக்கும் பூஞ்சை வளராது, உங்கள் புல் தரையில் மரம் அவ்வளவு காயாது. கெட்ட பாகம் முடியும் வரை வெட்டுங்கள், நாலு காலையும் ஒரே அளவுக்கு. நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டுமுகத்தில் எப்பாக்சி பசை இரண்டு தடவை பூசி, கீழே தடித்த ரப்பர் வில்லை வைத்து, சிமெண்ட் பலகைமேல் நிறுத்துங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. யார் பேச்சைக் கேட்டாவது ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், இல்லை தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட டின்னில் போடுங்கள். என் அப்பா பட்டறையில் ஒருமுறை புகையே வந்துவிட்டது.

கொல்லைப்புறம்:
மண் கோடு எதுவும் இல்லை. வார்னிஷைச் சுரண்டவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, தோள்பட்டை கழன்றுவிட்டது. நாலு காலிலும் மூன்று சென்டிமீட்டர் வெட்டி எப்பாக்சி பூசியாயிற்று. ஸ்டெயின் பிப்ரவரியில்தான், அதுவரை சும்மா கிடக்கட்டும். பெஞ்ச் குட்டையாகிவிட்டதே என்று மாமியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இப்பதான் என் கால் தரையில படுது" என்றார்.