மேல் ஹோஸ் கொதி, கீழ் ஹோஸ் ஜில்: உங்க ஊர்ல பார்த்த வண்டி எது?

செக்காலை, காரைக்குடி
திருமயம் தாண்டினதும் இன்ஜின் சூட்டைக் காட்டுற முள் சரசரன்னு சிவப்புக் கோட்டுக்கு ஏறின டீசல் கார். கூலண்ட் குறையல, பெல்ட் இறுக்கமா இருக்கு, ஃபேன் முழு வேகத்துல ஓடுது. ரேடியேட்டர் மேல் ஹோஸ்ல விரல் வைக்க முடியல. கீழ் ஹோஸ் மண்பானைத் தண்ணி மாதிரி ஜில்லுனு இருந்துச்சு. அரை அடி தூரத்துல நெருப்பும் தண்ணியும்! இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணியை ரேடியேட்டர் வழியா ஓடவிடுற தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவே இல்ல. புது தெர்மோஸ்டாட், புது ஓ-ரிங் போட்டதும் முள் நடுவுல நின்னுருச்சு.

தேவகோட்டை
அண்ணே, அந்த வண்டிக்கு அது சரி. ஆனா எல்லாரும் இதையே விதியா எடுத்துக்கிட்டா வீணா வால்வு வாங்குவாங்க. வால்வு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்குன்னு முதல்ல பாருங்க. தண்ணி இன்ஜினுக்குள்ள திரும்பி வர்ற கீழ் வழியில வால்வு இருந்தா நீங்க சொன்ன மாதிரி மேல கொதிக்கும், கீழ ஜில்லுனு இருக்கும். தண்ணி வெளியேறுற மேல் வழியில இருந்து மூடியே கிடந்தா மேல் ஹோஸே சரியா சூடாகாது. வால்வு உட்கார்ந்திருக்கிற அலுமினிய மூடி மட்டும்தான் கொதிக்கும். அந்த வகை வண்டியில மேல் ஹோஸ் கொதிச்சு கீழ் ஹோஸ் ஜில்லுனு இருந்தா ரேடியேட்டர் அடைப்பைத்தான் சந்தேகப்படணும்.

கழட்டின வால்வைத் தூக்கிப் போடாதீங்க. வால்வுத் தட்டை விரலால அமுக்கி இடுக்குல ஒரு நூலைச் சொருகி, அந்த நூலாலயே சட்டித் தண்ணியில தொங்கவிடுங்க. அடியில முட்டக் கூடாது. பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர். வால்வு மேல 82ன்னோ 88ன்னோ டிகிரி குத்தியிருக்கும். அந்தச் சூடு வந்ததும் நூல் நழுவி வால்வு சட்டியில 'டிங்'னு விழும். தளதளன்னு கொதிச்சும் விழலைன்னா சூட்டுல விரிஞ்சு வால்வைத் திறக்கிற மெழுகுக் குப்பி செத்துருச்சு. புதுசையும் இதே மாதிரி சோதிச்சுட்டு மாட்டுறதுதான் நல்லது.

பள்ளத்தூர்
இங்க எதிர்மாறு. திறந்தபடியே சிக்கின வால்வு. இருபது நிமிஷம் ஓடியும் முள் அடியிலயே கிடந்துச்சு, மைலேஜ் விழுந்துருச்சு, செக் இன்ஜின் விளக்கு எரிஞ்சுச்சு. ஸ்கேனர்ல பி0128, அதாவது கூலண்ட் வேண்டிய சூட்டுக்கு வரலைங்கிற கோடு.

புதுவயல்
“நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்கு, கழட்டி விட்டுருங்க”ன்னு கேட்டு வால்வே இல்லாம ஓடின கார். காலையில இன்ஜின் சூடாகவே இல்ல, மதியம் மேட்டுல கொதிச்சுச்சு! ரெண்டும் ஒரே வண்டியில. காரணம் பைபாஸ், அதாவது ரேடியேட்டரைத் தொடாம தண்ணி இன்ஜினுக்கே திரும்புற குறுக்கு வழி. பல வால்வுக்கு அடியில ரெண்டாவதா ஒரு தட்டு உண்டு. மேல் தட்டு திறக்கத் திறக்க அது பைபாஸை மூடும். வால்வையே எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். சூட்டுத் தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினைச் சுத்தும். தயவு செஞ்சு இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீங்க.

தண்ணி விஷயமும் சொல்லிடறேன். போர் தண்ணி ஊத்தினா உப்பு படிஞ்சு ரேடியேட்டர் குழாய் அடைக்கும், வால்வுத் தட்டும் சிக்கும். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணி நாக்குக்கு எவ்வளவு இனிச்சாலும் அதுலயும் தாது உண்டு. பேட்டரிக் கடையில கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் பாதி, கலக்காத கூலண்ட் பாதி. சின்ன காருக்கு மொத்தம் நாலஞ்சு லிட்டர் போதும். கேன்ல 'ரெடி மிக்ஸ்'னு இருந்தா தண்ணியே சேர்க்கக் கூடாது. வடிச்ச பழைய கூலண்டைத் தெருவுல ஊத்தாதீங்க. அது இனிக்கும், நாயோ ஆடோ நக்கினா சிறுநீரகம் போயிரும்.

கானாடுகாத்தான்
கல்யாணத்துக்கு மட்டும் வெளிய எடுக்கிற பெட்ரோல் அம்பாசடர். ஹெட்டுக்கு முன்னால மூணு ஸ்டட்ல உட்கார்ந்த தெர்மோஸ்டாட் மூடி. நட்டு மூணும் வந்துருச்சு, மூடி வரல. இரும்பு ஸ்டட்டைச் சுத்தி அலுமினியம் வெள்ளையாப் பூத்து இறுகிப் போச்சு. ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பினா மூடி உடையும், இல்ல ஸ்டட் ஹெட்டுக்குள்ளயே முறியும். துரு இளக்குற எண்ணெயை ராத்திரி ஊத்திட்டு, காலையில மரக்கட்டை வச்சு சுத்திச் சுத்தித் தட்டணும். மெல்ல ஒரு முனகல் கேட்டு முடி கனத்துக்கு இடைவெளி விட்டுச்சு பாருங்க, அதுக்கப்புறம் கையாலயே வந்துருச்சு. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துளையில துணி அடைக்க மறக்காதீங்க.

செக்காலை, காரைக்குடி
தேவகோட்டைத் தம்பி சொன்னது சரி, எங்க வண்டியில வால்வு கீழ் வழியிலதான். ஒண்ணு கேக்கணும்: மாட்டி மூணு நாள் கழிச்சு டேஷ்போர்டுக்குள்ள சலசலன்னு சத்தம். முள் நடுவுலதான் நிக்குது. கூலண்ட் விரற்கடை இறங்கியிருக்கு.

தேவகோட்டை
காத்து அடைச்சிருக்கு, அண்ணே. வால்வு விளிம்புல ஆடுற மாதிரி ஒரு சின்ன ஊசி இருக்கும்ல, அது மேல் பார்த்து நிக்கணும். காத்து அது வழியாத்தான் வெளியேறும். ஸ்பிரிங் இன்ஜின் பக்கம். அது சரியா இருந்தா, இன்ஜின் முழுசா ஆறினதும் முன் சக்கரம் மேட்டுல நிக்கிற மாதிரி நிறுத்தி கூலண்ட் ஊத்துற மூடியைத் திறங்க. சூட்டுல திறந்தா ஆவி முகத்துல அடிக்கும். ஹீட்டரை உச்ச சூட்டுல வச்சு ஸ்டார்ட் பண்ணி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க. கூலண்ட் இறங்க இறங்க, குமிழி நிக்கிற வரைக்கும் ஊத்துங்க. அப்புறம் மூடியைப் போட்டு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் விடுங்க. மறுநாள் காலையில இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது டேங்க்ல ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்தா போதும். குமிழி நிக்காம வந்துகிட்டே இருந்தா, ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் மோர் மாதிரி படிஞ்சிருக்கான்னு பாருங்க, படிஞ்சிருந்தா இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போனா மோர் படியாமலும் குமிழி வரும். அதனால மெக்கானிக்கிட்ட பிரஷர் டெஸ்டும் பண்ணிப் பாருங்க.