மறுமடல்: மணல் அடைத்துக்கொள்ளும் ஆற்றுவாய்க்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

ஊராட்சி உறுப்பினர்களுக்கான நம் கடலோரக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மணல் அடைத்துக்கொள்ளும் ஆற்றுவாய்க்கு நான் சொன்ன சொல் பொழிமுகம்; அதற்கு வந்த தடைகளை > குறியிட்டு மேற்கோளாகத் தந்து பதில் எழுதியிருக்கிறேன். இழை நீண்டுகொண்டே போவதால், எனக்கு எங்கே இடிக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

> எஸ்சுவரிக்குக் கழிமுகம் என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

நல்ல சொல்தான் ஐயா. ஆனால் காவிரிக் கழிமுகம் என்று நாம் டெல்டாவை அல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறோம்? ஆறு வண்டலைக் கொட்டி நிலத்தைக் கடலுக்குள் நீட்டுவது டெல்டா. கடல் ஓதம் (ஏறி இறங்கும் கடல்நீர்) ஆற்றுக்குள் ஏறி வருவது எஸ்சுவரி. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் படிக்கிற ஊராட்சி உறுப்பினர் எதை எடுத்துக்கொள்வார்? பாடநூலில் எஸ்சுவரிக்குப் பொங்குமுகம் என்று இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், எனக்குத் தகராறு இல்லை.

நான் தேடுவது பொங்குமுகத்தில் ஒரு வகைக்கு. அடையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. அதைத் தள்ள ஆற்றில் தண்ணீர் இருக்காது. மணல் திட்டு வளர்ந்து வாயை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வந்து உடைக்க வேண்டும், இல்லையென்றால் பொக்லைனை விட்டு வெட்ட வேண்டும். பழவேற்காட்டிலும் இதே பாடு. ஒருநேரம் திறந்து ஒருநேரம் மூடும் இந்த இயல்பு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

> புகார் என்பதே ஆறு கடல் புகும் இடம். சங்கச் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கே தேடுகிறீர்கள்?

இந்த மடலை மூன்று முறை படித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் புறநானூறு 30ஆம் பாட்டைப் பாருங்கள். பாயைக் களையாமல், பாரத்தையும் குறைக்காமல் 'புகாஅர்ப் புகுந்த பெருங்கலம்' என்கிறார் புலவர். அப்படியானால் அது ஆழமான, திறந்த வாய். நம்முடையதில் சின்ன ஃபைபர் படகே தரைதட்டி நிற்கிறது. பொருள் நேர் எதிராகப் போகிறது. அதோடு இன்றைக்குப் 'புகார் மேலாண்மை' என்று தலைப்பிட்டால் மனு கொடுக்கும் இடம் என்றுதான் படிப்பார்கள்.

> பொழி மலையாளம். அதைத் தமிழுக்குள் ஏன் இழுக்க வேண்டும்?

இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. குமரிக் கடற்கரையில் தமிழ் பேசும் மீனவர் இப்படி அடைபடும் ஆற்றுவாயைப் பொழி என்றுதான் சொல்கிறார்கள்; அவர்கள் வாயில் இருக்கிற சொல் எப்படி அயல்சொல் ஆகும்? அங்கே ஒரு முறை மணல் திட்டின் மேல் நின்றேன். உள்பக்கம் பாசி பிடித்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. வெளிப்பக்கம் அலை. உள்ளே முழங்கால் உயரம் அதிகமாகத் தண்ணீர் நின்றது. ஒரு பெரியவர் மண்வெட்டியால் ஒரு சாண் அகலத்துக்குக் கீறிவிட்டார். தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மணலை அரித்து அரித்து, நாங்கள் பேசி முடிப்பதற்குள் தாண்ட முடியாத அகலமாகிவிட்டது. "பொழி அடைஞ்சா இறால் குஞ்சு உள்ள ஏறாது" என்றார். நான் பத்து வரியில் எழுதி அடித்த விளக்கம் அந்த ஒரு வரியில் இருந்தது.

பொழிதலிலிருந்து வந்ததா, துளையைக் குறிக்கும் பொள்ளலிலிருந்து வந்ததா என்ற ழகர ளகரச் சண்டையைத் தனி இழையாக வைத்துக்கொள்வோம்.

> எங்கள் பக்கம் பொழி என்றால் வயல் வரப்பு.

இது சரியான தடை. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 'முகம்' சேர்த்துப் பொழிமுகம் என்றால் வரப்பு நினைவுக்கு வராது என்று நம்புகிறேன்.

மட்டக்களப்பு நண்பர் சொன்ன முகத்துவாரம் எல்லோருக்கும் புரியும். வெள்ளம் வடிய அங்கே முகத்துவாரம் வெட்டுவதாகவே சொல்கிறார்கள். எண்ணூரிலும் அதே பேச்சு. துவாரம் வடசொல் என்பதற்காக அதைத் தள்ள நான் வரமாட்டேன். ஆனால் அது திறப்பின் பெயர். திறப்பு மூடிய பிறகு உள்ளே தேங்கிக் கிடக்கும் நீர்ப்பரப்பை எப்படிச் சொல்வது?

இந்த வேறுபாடு வீண் நுணுக்கம் அல்ல. கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதை உப்பை வைத்துத்தான் கணக்கிடுகிறது: ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை. வறண்ட காலம்தான் வாய் அடைபடும் காலமும். திறந்திருக்கும்போது அளந்தால் ஒரு எல்லை, அடைபட்டிருக்கும்போது அளந்தால் வேறு எல்லை. அந்த எல்லைக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருப்பவர் கையேட்டைப் படிக்கும்போது, எந்த நிலையில் அளந்தார்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

மடல்களை எண்ணினால் முகத்துவாரத்துக்குத்தான் ஆதரவு அதிகம். ஆகவே திறப்பு வரும் இடமெல்லாம் முகத்துவாரம், நீர்ப்பரப்புக்குப் பொழிமுகம் என்று எழுதியிருக்கிறேன். முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் உண்டு. ஆற்றுவாயைக் குறிக்கும் பழைய சொல்லான கயவாய்தான் வேண்டும் என்று நிற்கும் ஐயா இன்னும் இறங்கி வரவில்லை. அவர் சொல்லையும் சொற்பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

வரப்பைப் பொழி என்கிற ஊர்க்காரர்கள் மட்டும் 'பொழிமுகம் அடைபட்டது' என்ற வரியை வீட்டில் யாரிடமாவது படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.