நூலக வாசலுக்குச் சாய்தளம்: இடம் போதுமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி): எங்கட நூலகத்துக்கு மூன்று படி, மொத்த உயரம் 18 அங்குலம். சக்கர நாற்காலியில வாறாக்கள் வாசலோட திரும்பிப் போகினம். சுவரோரம் 20 அடிதான் இருக்கு.

பதில்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம், ஆகவே 18 அடி. நேராகப் போடாதீங்க, கதவடிச் சமதளம் 5 அடியும் சேர்ந்தா 23 அடி வரும், இடம் போதாது. கதவடியில 5 அடி சமதளம், 9 அடி இறக்கம், திரும்ப 5 அடி சமதளம், பிறகு மடக்கி 9 அடி. அகலம் 4 அடி.

பதில்: மேற்பரப்பை மழுமழுவெனப் பூசினால் மாரி மழைக்கு வழுக்கும். ஈரச் சீமெந்தில தும்புத்தடியால குறுக்கே கோடிழுங்க. ஓரத்தில 3 அங்குலக் கட்டு, இல்லாட்டிச் சில்லு வெளியே இறங்கிடும்.

பதில்: கைபிடிக் குழாய் இருபக்கமும் தேவை, தடியோட வாற வயதானாக்களுக்கு அதுதான் உயிர். உப்புக் காத்துக்கு நாகம் பூசின குழாய் போடுங்க. சாய்தளம் முடியிற இடத்தில மணலா விட்டா சில்லு புதையும். வீதிவரை கொங்கிறீட் போடுங்க.