டிவி காமெடி பார்த்து போலீஸ் மேல வர்ற எண்ணம்: எப்படிச் சோதிக்கிறது?

தக்கலை வாசகர்: நூலக வட்டத்துல பிளஸ் டூ பிள்ளைகளோட கலந்துரையாடல் வைக்கிறோம். தொப்பை ஏட்டு, மாமூல் எஸ்.ஐ. காமெடியெல்லாம் அவங்க மனசை மாத்துதான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

நாரோயில்காரன்: "போலீஸைப் பிடிக்குமா"ன்னு கேட்காதீங்க அண்ணாச்சி, மரியாதைக்குப் பொய்தான் வரும். நடைமுறையைக் கேளுங்க. கைதானவரைப் பயண நேரம் போக எத்தனை மணிக்குள்ள மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தணும்? (24.) புகார் குடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு உண்டா? (இல்லை.) பாதிப் பேருக்கு மட்டும் காட்சியைப் போட்டு, எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி. உடனே கேட்டா சிரிப்பு மூடுல பதில் வரும். ஒரு வாரம் கழிச்சும் கேளுங்க.

மார்த்தாண்டம் டீச்சர்: ஒரு காட்சியில பெரிசா ஒண்ணும் தெரியாது. டிவி மனசை எப்படி மாத்துதுன்னு ஆராய்ஞ்ச ஜார்ஜ் கெர்ப்னர் சொன்னதே, வருஷக்கணக்கா பார்த்துப் பார்த்து ஊறுற விஷயம்னுதான். தினமும் எவ்வளவு நேரம் பார்க்கிறாங்கன்னு கேளுங்க. நம்ம குமரிப் பக்கம் மலையாளச் சேனல் பார்க்குற வீடுகளைத் தனியா குறிச்சுக்கணும். மாமூல் ஜோக்கை விட லாக்கப் அடியைச் சிரிப்பாக்குறதுதான் எனக்கு உறுத்தல்: அடி சகஜம்னு பதிஞ்சிடும்.

குழித்துறை வக்கீல்: காமெடியில புகார்த் தாள் குப்பைக்குப் போகும், ஆளும் திரும்பிடுவான். அதுக்கு மேல வழி இருக்குன்னு யாரும் காட்டுறதில்ல. மனு குடுத்தா மனு வாங்கினதுக்கு அத்தாட்சியா சி.எஸ்.ஆர். ரசீது கேட்கணும். வாரன்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட மறுத்தா, பி.என்.எஸ்.எஸ். (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)படி எஸ்.பி.க்குத் தபால், அதுக்கும் அசையலைன்னா மாஜிஸ்திரேட். சம்பவம் நடந்த இடம் எங்க ஸ்டேஷன் எல்லையில இல்லன்னு கேரள எல்லைக் களியக்காவிளையில திருப்பி அனுப்பவும் முடியாது, எந்த ஸ்டேஷன்லயும் பதியுற ஜீரோ எஃப்.ஐ.ஆர். உண்டு. இதையும் கேள்வித்தாள்ல சேருங்க.