மலைப்பாதை சைக்கிளுக்கு எந்த ஹெல்மெட்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டுகிறேன். போன வாரம் ஈரமான சில்வர் ஓக் வேரில் முன்சக்கரம் வழுக்கி, பின்மண்டை கல்லில் இடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோலில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். ஒருமுறை அடி வாங்கியதை மறுபடி போடக்கூடாது, அதனால் புதிது வாங்க வேண்டும்.

தலைச்சுற்றளவு 58 செ.மீ. பின்மண்டை வரை இறங்கி மூட வேண்டும், அதில் மாற்றமில்லை. சாய்வாக விழும்போது தலை திருகுவதைக் குறைக்கத்தான் மிப்ஸ் (ஹெல்மெட்டின் உள்ளே லேசாக நழுவும் ஒரு அடுக்கு). அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டோடு ஏற்றத்தில் மிதித்தவர்கள் யாராவது? மூச்சு முட்டுகிறதா? அப்புறம், கோவையில் போட்டுப் பார்த்து வாங்க நல்ல கடை இருந்தால் சொல்லுங்கள். புதிது வரும்வரை சைக்கிளைத் தொடாதே என்று அம்மா சொல்லிவிட்டார்.